வீட்டு ஆல்பத்தில் நிற்கும் விமானம் எது? ஏர் இந்தியாவின் விமான வரிசையைத் தொகுக்கும் வழிமுறை

கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், நாகூர், ராஜகிரி, அய்யம்பேட்டை என்று காவிரி டெல்டாவில் சபராளிகள் (வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போனவர்கள்) இருந்த ஊர்களில், பீரோவுக்குள் ஒரு பழைய ஆல்பம் இருக்கும். அதில் மாலை போட்ட ஒருவர், பக்கத்தில் மாமாவும் மச்சானும், பின்னால் ஒரு விமானத்தின் வால் என்று ஒரு படமாவது கட்டாயம் இருக்கும். எந்த வருஷம் என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு பதில் வரும். படத்தில் இருக்கும் விமானத்தைச் சரியாக அடையாளம் கண்டுவிட்டால் வருஷம் தானாகச் சுருங்கும். இப்படி நாலைந்து வீட்டு ஆல்பங்களைச் சேர்த்துக்கொண்டால் ஏர் இந்தியா, இந்தியன் ஏர்லைன்ஸ் இரண்டின் விமான வரலாறும் ஒரு நோட்டுக்குள் வந்துவிடும்.

முதலில் ஒன்றை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். நிறத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஒரே விமானத்துக்கு மூன்று தடவை பெயின்ட் மாறும், புதுப் பூச்சு எல்லா விமானத்துக்கும் ஒரே நாளில் ஏறாது. உடம்பின் அமைப்பும் பதிவெண்ணும்தான் சாட்சி.

படங்களை எடுப்பதும் ஸ்கேன் செய்வதும்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஆல்பத்தைத் திறக்க வேண்டாம். ஈரக் காற்றில் படத்தின் மேல்பூச்சு இளகி, மேலே இருக்கும் பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். மாசி, பங்குனியில் காற்று காய்ந்திருக்கும்போது செய்யுங்கள். பசை ஆல்பத்தில் ஒட்டிய படத்தை நகத்தால் நெம்பாதீர்கள். பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவில் விட்டு, அறுப்பதுபோல மெல்ல இழுத்தால் மூலை மடங்காமல் வரும். கண்ணாடிச் சட்டத்தோடு ஒட்டிப்போன படத்தைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். ஈரத் துணி கூடாது. உலர்ந்த மென்தூரிகை போதும்.

தபால் அட்டை அளவுப் படத்தில் விமானத்தின் பதிவெண் எழுத்து பெரும்பாலும் 2 மில்லிமீட்டர் உயரம்தான் இருக்கும். 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்தால் அந்த எழுத்துக்கு 24 புள்ளிகள்கூடக் கிடைக்காது, ஓ-வையும் கியூவையும் பிரித்தறிய முடியாது. 600 டிபிஐ வைத்தால் 47 புள்ளி வரும், படிக்கலாம். 1200-க்குப் போனால் கோப்பு பெருக்குமே தவிர, பிரிண்டில் இல்லாத விவரம் வந்துவிடாது. நெகட்டிவ் கிடைத்தால் கதை வேறு. அதை 2400 டிபிஐக்குக் குறையாமல் எடுங்கள், பிரிண்டில் மறைந்த எழுத்து நெகட்டிவில் தெளிவாக இருக்கும். செல்போனில் எடுப்பதானால் ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வையுங்கள், ஃபிளாஷ் வேண்டாம்.

நெகட்டிவைத் திருப்பிப் போட்டு எடுத்த பிரிண்டுகளும் உண்டு. சோதிப்பது எளிது: பயணிகள் ஏறும் படிக்கட்டு விமானத்தின் இடதுபுறம்தான் நிற்கும், பழைய டக்கோட்டா விமானங்களின் காலத்திலிருந்து இன்றுவரை இதுதான் வழக்கம். மூக்கு வலது பக்கம் பார்க்கிறது, ஆனாலும் படத்தில் தெரிகிற பக்கத்திலேயே ஆட்கள் ஏறுகிறார்கள் என்றால், படம் திரும்பியிருக்கிறது. சட்டைப்பை எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் பாருங்கள்.

ஸ்டூடியோ படங்களை உடனே ஒதுக்கிவிடலாம். பின்னால் திரையில் வரைந்த விமானத்துக்கு இன்ஜின் எண்ணிக்கையும் ஜன்னல் எண்ணிக்கையும் ஓவியர் இஷ்டம். அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆதாரத்துக்கு உதவாது.

இடம் எது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

விமானத்துக்கு முன் இடத்தைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடியும். திருச்சி ஓடுதளம் சுமார் 2,480 மீட்டர்தான். நெடுந்தூரப் பயணத்துக்கு எரிபொருள் நிரப்பிய ஜம்போ, அதாவது போயிங் 747, கிளம்ப 3,000 மீட்டருக்கு மேல் வேண்டும். ஆகவே படத்தில் போயிங் 747 இருந்தால் "இது திருச்சியில் எடுத்தது" என்று பெரியப்பா அடித்துச் சொன்னாலும் மீனம்பாக்கம், பம்பாய், சிங்கப்பூர் என்று தேடுங்கள்.

சிங்கப்பூர் படங்களுக்கு நல்ல எல்லைக்கோடுகள் இருக்கின்றன. காலாங் விமான நிலையம் 1937 முதல் 1955 வரை. அடுத்து பய லேபர், 1981 வரை. 1981 ஜூலையிலிருந்து சாங்கி. கோலாலம்பூருக்கு சுபாங் 1965-ல் திறந்தது, 1998-ல் செப்பாங்குக்கு மாறியது. கட்டடத்தின் ஒரு மூலை தெரிந்தால்கூட இந்த எல்லைகளுக்குள் படத்தை அடைத்துவிடலாம்.

1950, 60-களின் படங்கள் குறைவாகக் கிடைத்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அப்போது டெல்டா ஜனங்கள் பெரும்பாலும் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கு, சிங்கப்பூர் போனார்கள். எம்.வி. சிதம்பரம் கப்பல் 1985-ல் தீப்பிடிக்கும்வரை அந்தப் பாதை உயிரோடு இருந்தது. தலைக்கட்டில் முதல் விமானப் பயணம் யாருடையது என்பது பல வீடுகளில் 1970-களுக்குப் பின்னால்தான் வரும்.

தஞ்சாவூர் என்று எழுதியிருக்கும் படம் வந்தால் அதில் சின்ன விமானம்தான் இருக்க வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் வாயுதூத் நிறுவனம் டார்னியர் 228 விமானத்தில் தஞ்சையையும் சென்னையையும் இணைத்தது. ஆள் சேரவில்லை, சீக்கிரமே நின்றது. 19 இருக்கை, மேல் இறக்கை, நீண்ட கூர்மூக்கு, சதுர உடம்பு. வாயுதூத் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் 1981-ல் சேர்ந்து தொடங்கியது என்பதால் உங்கள் நோட்டில் அதற்கும் ஒரு பக்கம் உண்டு. அதே இடம் இப்போது விமானப்படைத் தளம், 2020 ஜனவரியிலிருந்து சுகோய்-30 அணி இருக்கிறது. "அன்றும் இன்றும்" படம் எடுக்கிறேன் என்று கேமராவோடு அந்த வேலிப்பக்கம் போகாதீர்கள். பாதுகாப்புத் தளத்தில் படம் எடுப்பது சட்டப்படி குற்றம்.

உருவத்தை வைத்து வகை பிரித்தல்

கேள்விகளை இந்த வரிசையில் கேளுங்கள்: இன்ஜின் எத்தனை, எங்கே இருக்கிறது, இறக்கை மேலா கீழா, ஜன்னல் என்ன வடிவம், கதவு எத்தனை.

வால் தரையில், மூக்கு வானத்தில், இரண்டு வட்ட இன்ஜின் என்றால் டக்கோட்டா, அதாவது டிசி-3. இரண்டாம் உலகப் போர் முடிந்து மலிவாக விற்ற ராணுவ விமானங்கள் இவை. 1953 ஆகஸ்ட் 1 அன்று விமானக் கம்பெனிகள் நாட்டுடைமையானபோது, எட்டுக் கம்பெனிகளின் உள்நாட்டுச் சேவைகளைச் சேர்த்து உருவான இந்தியன் ஏர்லைன்ஸ் கார்ப்பரேஷனுக்கு வந்த 99 விமானத்தில் 74 டக்கோட்டாதான். மிச்சத்தில் 12 வைக்கிங், 3 டிசி-4. அந்தக் காலத்துப் படம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு டக்கோட்டா என்று சொல்லலாம், முக்கால் பங்கு சரியாக இருக்கும். ஆனால் கண்ணைத் திறந்து பார்த்துச் சொல்லுங்கள்.

மூன்று வால்துடுப்பு, வளைந்த உடம்பு, நான்கு இன்ஜின் என்றால் லாக்ஹீட் கான்ஸ்டலேஷன். 1948 மார்ச்சில் ஏர் இந்தியா இன்டர்நேஷனல் பதிவாகி, ஜூன் 8 அன்று 'மலபார் பிரின்சஸ்' பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டன் கிளம்பியது. 1954-ல் சென்னை வழியாகச் சிங்கப்பூர் சேவை வந்தது. அந்தக் காலத்துச் சிங்கப்பூர் படம் உங்களிடம் இருந்தால் நெகட்டிவ் கிடைக்கும்வரை விடாதீர்கள்.

அடுத்த நான்கைத்தான் எல்லாரும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒல்லியான நான்கு டர்போ இன்ஜின், பெரிய முட்டைவடிவ ஜன்னல் என்றால் வைக்கவுண்ட், 1957 முதல். இரண்டு இன்ஜின், இறக்கை உடம்புக்கு மேலே, சக்கரக் கால்கள் இன்ஜினிலிருந்து நீண்டு இறங்குகின்றன என்றால் ஃபோக்கர் எஃப்-27, 1961 முதல். ஃபோக்கரில் இருக்கும் அதே டார்ட் வகை இன்ஜின்கள் இரண்டு, ஆனால் இறக்கை கீழே, இன்ஜின் இறக்கையின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்றால் அவ்ரோ, அதாவது எச்.எஸ். 748. இந்தியாவிலேயே எச்.ஏ.எல். கட்டியது, இந்தியன் ஏர்லைன்ஸில் 1967 முதல். வாலுக்குப் பக்கத்தில் இரண்டு ஜெட் இன்ஜின், மூலை உருண்ட முக்கோண ஜன்னல் என்றால் காரவெல், 1964 முதல். ஜன்னல் முக்கோணம் என்றால் வேறெதுவும் இல்லை, காரவெல்தான். ஃபோக்கரையும் அவ்ரோவையும் இன்ஜின் சத்தத்தில் பிரிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். இரண்டிலும் ஒரே இன்ஜின், நம்ப வேண்டாம்.

போயிங் 707: இறக்கையில் நான்கு இன்ஜின் தனித்தனியாகத் தொங்கும், வால் உச்சியில் முன்னோக்கி நீண்ட ஊசிபோன்ற ஆன்டெனா இருக்கும். ஏர் இந்தியாவுக்கு 1960-ல் வந்தது. 1962 ஜூனில் ஜெட் அல்லாத கடைசிப் பிஸ்டன் இன்ஜின் விமானங்களையும் ஒதுக்கி, உலகிலேயே ஜெட் மட்டும் ஓட்டும் முதல் விமான நிறுவனம் ஆனது. அதே மாதத்தில் பெயரிலிருந்து 'இன்டர்நேஷனல்' போயிற்று. உடம்பில் அந்தச் சொல் இருந்தால் படம் 1962-க்கு முந்தியது, அல்லது பெயின்ட் மாற்றக் காத்திருந்த விமானம்.

747-இல் கூன் இருக்கும், அதில் சந்தேகமே வராது. எந்த 747 என்பதில்தான் தவறு நடக்கிறது. கூன் குட்டையாக இருந்தால் 200 வரிசை, 1971 முதல். கூன் நீளம், இறக்கை நுனி நேராக இருந்தால் 300. ஏர் இந்தியாவிடம் இரண்டே இரண்டு, 1988-ல் வந்தவை, பின்பாதியில் சரக்குக் கதவோடு. கூன் நீளம், இறக்கை நுனி மேல்நோக்கி மடங்கியிருந்தால் 400, 1993 முதல். கடைசி 747 மும்பையை விட்டுப் பறந்தது 2024 ஏப்ரல் 22.

ஏர்பஸ் ஏ-300, ஏ-310 இரண்டுக்கும் இறக்கைக்கு ஓர் இன்ஜின்தான். கதவை எண்ணுங்கள். ஒரு பக்கத்தில் நான்கு என்றால் ஏ-300, மூன்று என்றால் ஏ-310. இந்தியன் ஏர்லைன்ஸ் ஏ-300-ஐ 1976-ல் ஓட்டத் தொடங்கியது, ஏர் இந்தியாவுக்கு 1982-ல் மூன்று வந்தன. ஏ-310 முதல் ஆறு 1986-ல்.

சின்ன ஜெட்டில் போயிங் 737-200 என்றால் இறக்கையோடு ஒட்டிய மெல்லிய நீளக் குழாய் இன்ஜின், 1970 இறுதியிலிருந்து. ஏர்பஸ் ஏ-320 என்றால் 1989-லிருந்து, இன்ஜின் தடித்துக் கீழே தொங்கும். இந்தியன் ஏர்லைன்ஸ் வாங்கிய முதல் ஏ-320-களுக்கு ஓர் அடையாளம் உண்டு. உலகின் மற்ற ஏ-320-களுக்குப் பிரதானக் கால் ஒவ்வொன்றிலும் இரண்டு சக்கரம், இவற்றுக்கு மட்டும் நான்கு. இந்திய ஓடுதளங்களின் தாங்குதிறனைக் கருதி எடையைப் பரப்பச் செய்த ஏற்பாடு. படத்தில் கால் தெரிந்தால் பெயரே படிக்க வேண்டாம். 1990 பிப்ரவரி 14 பெங்களூர் விபத்துக்குப் பிறகு இந்த விமானங்கள் பல மாதம் தரையிலேயே நின்றன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளியில் எடுத்ததாகச் சொல்லப்படும் ஏ-320 பயணப் படத்தின் தேதியை மறுபடி விசாரியுங்கள்.

இன்று திருச்சியில் தினமும் பார்க்கும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 737-800-இன் இன்ஜின் வட்டமாக இருக்காது, அடிப்பக்கம் தட்டையாக இருக்கும். ஏ-320-இல் முழு வட்டம். தூரத்திலிருந்து பிரிக்க இது ஒன்றே போதும். 787-க்கு இன்ஜின் பின்விளிம்பு ரம்பப் பல்லாக இருக்கும், 777-க்குக் காலுக்கு ஆறு சக்கரம், ஏ-350-க்கு விமானி ஜன்னலைச் சுற்றிக் கறுப்புப் பட்டை.

பதிவெண்

இந்திய விமானம் எல்லாமே வி, டி என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும், பிறகு மூன்று எழுத்து. உடம்பின் பின்பகுதியில், இறக்கையின் அடியில், சில சமயம் முன்சக்கரக் கதவில் கடைசி எழுத்துகள் மட்டும் என்று மூன்று இடத்தில் தேடுங்கள்.

நோட்டில் பதிவெண்ணைத் தமிழில் எழுதாதீர்கள். 'இராஜேந்திர சோழன்' என்று பெயர் வைத்த ஜம்போவுக்கும், பெங்களூரில் விழுந்த ஏ-320-க்கும் தமிழில் எழுதினால் இரண்டுமே 'விடி-இபிஎன்' ஆகிவிடும். ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். போனில் யாரிடமாவது சொல்வதானால் விமானிகள் சொல்வதுபோலச் சொல்லுங்கள், ஒவ்வொரு சொல்லின் முதல் ஆங்கில எழுத்துதான் பதிவெண் எழுத்து: சோழன் 'எக்கோ பிராவோ நவம்பர்', பெங்களூர் விமானம் 'எக்கோ பாப்பா நவம்பர்'. கீழே வருகிற எல்லாப் பதிவெண்ணும் அப்படியே தரப்பட்டிருக்கிறது.

மூன்று எழுத்தில் முதல் எழுத்து காலத்தைச் சொல்லும். 1930-களில் ஆல்ஃபா, போர் முடிந்தபின் சார்லி, 1950, 60-களில் டெல்டா, 1970 முதல் 90-கள் வரை எக்கோ. மலபார் பிரின்சஸ் 'சார்லி கியூபெக் பாப்பா'. 1966 ஜனவரி 24 அன்று மோன் பிளாங் மலையில் மோதிய 707, ஹோமி பாபா போன விமானம், 'டெல்டா மைக் நவம்பர்'. முதல் ஜம்போ 'எக்கோ பிராவோ டெல்டா'.

2000-க்குப் பிறகு இந்தக் கணக்கு செல்லாது. நிறுவனங்கள் விரும்பிய எழுத்தைக் கேட்டு வாங்குகின்றன. 787-களுக்கு 'ஆல்ஃபா நவம்பர்', 777-களுக்கு 'ஆல்ஃபா லீமா'. இதைப் பார்த்து 1930-கள் என்று நினைத்துவிடக் கூடாது. 2023 டிசம்பர் 23 அன்று வந்த முதல் ஏ-350-க்கு 'ஜூலியட் ரோமியோ ஆல்ஃபா', ஜே.ஆர்.டி. டாட்டாவின் பெயரெழுத்துகளை நினைத்து வாங்கியது.

மூக்குக்குப் பக்கத்தில் எழுதிய பெயர்

விமானி ஜன்னலுக்குக் கீழே ஒரு பெயர் இருந்தால் அதிர்ஷ்டம். ஏர் இந்தியா வகைக்கு ஒரு பெயர்க் குடும்பம் வைத்திருந்தது. கான்ஸ்டலேஷனுக்கு இளவரசிகள், சூப்பர் கான்ஸ்டலேஷனுக்கு ராணிகள், 707-க்கு இமயமலைச் சிகரங்கள், 747-200-க்குப் பேரரசர்கள், ஏர்பஸ்ஸுக்கு ஆறுகள், 747-400-க்குப் புகழ்பெற்ற ஊர்கள்.

நம் பக்கத்துக்கு இதில் மூன்று பங்கு. பேரரசர்களில் இராஜேந்திர சோழன். 1982-ல் வந்த ஏ-300 மூன்றும் கங்கை, கோதாவரி, காவேரி. 747-400 வரிசையில் கோனார்க், கஜுராகோ, அஜந்தா, ஆக்ரா, வெல்ஹா கோவாவோடு 'தஞ்சாவூர்', பதிவெண் 'எக்கோ சியரா நவம்பர்', பெயர் பழைய ஆங்கில எழுத்துப்படி 'டாஞ்சோர்' என்றுதான் எழுதியிருக்கும். தஞ்சைக்காரர் ஒருவர் வளைகுடாவிலோ லண்டனிலோ அந்த மூக்குக்கு முன்னால் நின்று எடுத்துக்கொண்ட படம் வெளிப்பட்டால் பெரிதாகப் பிரிண்ட் போட்டு மாட்டலாம்.

பெயரை மட்டும் நம்பி வகையை எழுதாதீர்கள். பெயர் படிக்க முடிந்து பதிவெண் படிக்க முடியாவிட்டால் பெயரைப் பென்சிலில் எழுதுங்கள்.

நிறம், அதன் வரம்போடு

நிறத்தைத் துணைச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம். ஜன்னலைச் சுற்றி அரண்மனைச் சாளர வளைவு வரைந்திருந்தால் 1971-இல் ஜம்போவோடு வந்தது. சிவப்பு வாலில் பொன்னிறச் சூரியன் 1989-ல் வந்தது, பொதுமக்களுக்குப் பிடிக்காமல் சாளர வளைவே திரும்பியது. ஆகவே வளைவு இருந்தால் சூரியனுக்கு முந்தியது என்று சொல்ல முடியாது, பிந்தியதாகவும் இருக்கலாம். இந்தியன் ஏர்லைன்ஸ் என்றால் ஆரஞ்சு வால். 2005 டிசம்பரில் பெயர் 'இந்தியன்' என்று சுருங்கி, வாலில் கோனார்க் சக்கரம் வந்தது. 2007 ஆகஸ்டில் இரண்டு நிறுவனமும் இணைந்தபின் அன்னத்துக்குள் சக்கரம். 2023-ல் இப்போதைய பூச்சு.

ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானங்களின் பழைய பூச்சில் வால் படம் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் வேறொன்று. இரண்டு பக்கமும் எடுத்த இரண்டு படத்தை இரண்டு விமானம் என்று எழுதிவிடுவது சாதாரணமாக நடக்கிறது. உடம்பில் பெயர் ஒரு பக்கம் இந்தியில், மறுபக்கம் ஆங்கிலத்தில் இருப்பதும் இதே குழப்பத்தைத் தரும்.

டிக்கெட், பாஸ்போர்ட்

டிக்கெட் கட்டை இருந்தால் முதல் மூன்று இலக்கத்தைப் பாருங்கள். 098 ஏர் இந்தியா, 058 இந்தியன் ஏர்லைன்ஸ். விமான எண்ணின் முன் எழுத்து ஏஐ என்றால் ஏர் இந்தியா, ஐசி என்றால் இந்தியன் ஏர்லைன்ஸ். ஐசி 2011 தொடக்கத்தில் ஒழிந்தது. ஐஎக்ஸ் எக்ஸ்பிரஸ், அது 2005 ஏப்ரலுக்கு முன்னால் கிடையாது. டிக்கெட்டை யார் அடித்தார்களோ அவர்கள் விமானத்தில்தான் போனார் என்பதில்லை, ஏஜென்டுகள் வேறு நிறுவனத் தாளில் அடித்துத் தருவதும் உண்டு. விமான எண் வரியைத்தான் பார்க்க வேண்டும்.

பாஸ்போர்ட் முத்திரைத் தேதியை எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். படத்தின் பின்புறம் அச்சான தேதி பிரிண்ட் போட்ட தேதி. ஊருக்குத் திரும்பி வந்து ஆறு மாதம் கழித்துக் கும்பகோணத்தில் கழுவிய ரோலும் உண்டு.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். படத்தில் 707, உடம்பில் 'இன்டர்நேஷனல்' இல்லை, பின்னால் பய லேபர் கட்டடம். நிறுவனப் பெயர் 1962-க்குப் பின் என்கிறது, கட்டடம் 1981-க்கு முன் என்கிறது. நோட்டில் "1962–1981" என்று எழுதுங்கள், "1970 வாக்கில்" என்று எழுதாதீர்கள். பாஸ்போர்ட் கிடைத்தபின் சுருக்கலாம். ஊகத்தை ஒருமுறை மையால் எழுதிவிட்டால் அடுத்த தலைமுறை அதைத் தகவலாக எடுத்துக்கொள்ளும்.

நோட்டுப் போடும் முறை

200 பக்க நீள நோட்டு ஒன்று, விமானத்துக்கு ஒரு பக்கம். கணினியில் என்றால் விமானத்துக்கு ஒரு வரி. வேண்டிய கட்டங்கள்: பதிவெண், முழு வகை எண், தயாரிப்பு எண், பெயர், முதல் உரிமையாளர், சேர்ந்த தேதி, விலகிய தேதி, என்ன ஆயிற்று, குறிப்பு, ஆதாரம். தயாரிப்பு எண் என்பது தொழிற்சாலை கொடுத்தது. நாடு மாறினாலும் பதிவெண் மாறினாலும் அது மாறாது, ஆகவே அதுதான் ஆதார எண். போயிங் விமானத்தில் ஏறும் முன்கதவுச் சட்டத்தில் சின்ன உலோகத் தகடு இருந்தால் அதில் பொறித்திருக்கும்.

வகை எண்ணைப் பிரித்துப் படிக்கத் தெரிய வேண்டும். 747-237 என்பது தனி மாடல் இல்லை. 200 வரிசை, 37 என்பது போயிங் ஏர் இந்தியாவுக்குக் கொடுத்த வாடிக்கையாளர் எண். அதே மாதிரி 707-437, 747-437, 777-337. இந்தியன் ஏர்லைன்ஸின் எண் ஏ8, அதனால் அதன் 737-200 எல்லாம் 737-2ஏ8. ஏர் இந்தியா நிறத்தில் ஓடும் ஒரு ஜம்போவுக்கு 212 என்று இருந்தால் அது முதலில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்காகக் கட்டியது என்று அர்த்தம், 12 அவர்கள் எண். வாடகைக்கு வந்த விமானங்களைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி இல்லை. 787-இல் இந்த முறை கிடையாது. ஏர்பஸ்ஸில் கடைசி மூன்று இலக்கத்தின் நடு இலக்கம் இன்ஜின் தயாரிப்பாளரைக் குறிக்கும்: ஏ-320-231-இல் வரும் 3, ஐஏஇ நிறுவனத்தின் வி2500 இன்ஜின்.

அடிக்கடி நடக்கும் பிழைகள் மூன்று. 2007-க்கு முன் இந்தியன் ஏர்லைன்ஸிடம் இருந்த ஏ-320-களை ஏர் இந்தியா வாங்கியது என்று எழுதுவது. அவை இணைப்பில் வந்தவை, சேர்ந்த தேதியும் முதல் உரிமையாளரும் தனித்தனிக் கட்டத்தில் இருந்தால் இந்தச் சிக்கல் வராது. 2024 நவம்பர் 12 அன்று இணைப்பில் விஸ்தாரா நிறுவனத்திலிருந்து வந்த விமானங்களுக்கும் இதே விதி. இரண்டாவது, ஆர்டரைக் கையிருப்பாகக் கணக்கிடுவது. 2023 பிப்ரவரியில் அறிவித்த 470 விமானம் (ஏர்பஸ் 250, போயிங் 220) ஆர்டர் மட்டுமே, ஒவ்வொன்றும் வந்து இறங்கிய தேதியில்தான் உங்கள் நோட்டில் ஏறும். மூன்றாவது, சம்பவத்தையும் இழப்பையும் ஒன்றாகப் பார்ப்பது. 2018 அக்டோபர் 12 விடியலில் திருச்சியிலிருந்து துபாய் கிளம்பிய எக்ஸ்பிரஸ் 737 சுற்றுச்சுவரில் இடித்து, மும்பையில் பத்திரமாக இறங்கியது. 2024 அக்டோபர் 11 அன்று சார்ஜா விமானம் ஹைட்ராலிக் கோளாறோடு திருச்சி, புதுக்கோட்டை வானில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சுற்றியது. 737-இல் எரிபொருளை வெளியே கொட்டும் வசதி கிடையாது, எரித்துத்தான் எடையைக் குறைக்க வேண்டும், சுற்றியதற்குக் காரணம் அது. இரண்டும் 'குறிப்பு' கட்டத்தில் வரும். 2025 ஜூன் 12 அன்று ஆமதாபாத்தில் விழுந்த 787, 'ஆல்ஃபா நவம்பர் பிராவோ', 'விலகிய தேதி' கட்டத்தில் வரும்.

தொடக்கப் பக்கத்தை 1932 அக்டோபர் 15-இல் வையுங்கள். கராச்சியிலிருந்து ஆமதாபாத் வழியாக ஜூஹுவுக்கு ஜே.ஆர்.டி. டாட்டா தபாலோடு ஓட்டி வந்த 'புஸ் மாத்' என்ற சின்ன விமானம், அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு நெவில் வின்சென்ட் ஓட்டியது. 1938-ல் இந்தத் தபால் பாதை கொழும்புவரை நீண்டபோது திருச்சியும் அதில் ஒரு நிறுத்தம். அன்றைய தபால் உறை உங்கள் தாத்தாவின் பெட்டியில் கிடந்தால் அதையும் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, முத்திரைத் தேதி படிக்கும்படி முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று தனித்தனிக் கோப்பாக வையுங்கள். கோப்புப் பெயரில் முதலில் வருஷம், பிறகு பதிவெண், பிறகு இடம், கடைசியில் வீட்டுக்காரர் பெயர் என்று போட்டால், ஆயிரம் படம் சேர்ந்தாலும் தானாகக் கால வரிசையில் நிற்கும். வருஷம் தெரியாத படத்துக்கு எல்லையின் கீழ் வருஷத்தைப் போடுங்கள்.